கப்பல் நேரம்

இந்தக் கப்பலில் முட்டை வேகவைக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. ஒரு நாள் உடைத்தால் ஓடுகிறது. மறுநாள் சுவரில் எறிந்தால் திரும்பி வந்துவிடும் போலிருக்கிறது. நீச்சல் குளங்கள் வைத்திருக்கிறார்கள், நாடக அரங்கு வைத்திருக்கிறார்கள், நடுக்கடலில் மேசைக்கு மேசை ரோஜா வைக்கிறார்கள். முட்டை மட்டும் கைகூடவில்லை. இதை வரவேற்பு மேசையில் நான் முறையாகச் சொல்லியிருந்தேன். அதனால் நீங்கள் கதவைத் தட்டியபோது முட்டை விஷயமாக யாரையோ அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். தோள்பட்டைச் சின்னத்தைப் பார்த்த பிறகுதான் பாதுகாப்பு அதிகாரி என்று தெரிந்தது.

உட்காருங்கள். அந்தக் கட்டிலில் வேண்டாம், அது ரோஸலிண்டுடையது. நாற்காலி இருக்கிறது. பதிவுக் கருவியை மேசைமேல் வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. என் பெயர் எனிட் பிராட்பெண்ட். ஹாரகேட்டில் பெண்கள் பள்ளி ஒன்றின் தலைமையாசிரியையாக இருந்தவள். கடைசி வரிசைக்கும் கேட்கும்படி பேசிப் பழக்கம்.

டெஸ்மண்ட் ஃபேர்லியைப் பற்றித்தானே கேட்க வந்தீர்கள். சொல்கிறேன். ஆனால் அவரிலிருந்து தொடங்கினால் உங்களுக்கு ஒன்றும் விளங்காது. ரோஸலிண்டிலிருந்து தொடங்க வேண்டும்.

ராஸ் என்றுதான் அவளைக் கூப்பிடுவேன். என் பள்ளியில் பூகோளம் கற்பித்தவள். என் கணவர் ஆர்தர் இறந்த வருடமே அவள் கணவரும் இறந்தார். ஆர்தர் பேசாத மனிதர். கடைசிக் காலத்தில் பக்கவாதம் வந்து பேச்சு அறவே நின்றுபோயிற்று. எங்கள் இல்லறத்தில் அதனால் பெரிய மாறுதல் எதுவும் ஏற்படவில்லை. இருவரும் போன பிறகு, ஒரே குளிர்காலத்தை இரண்டு வீடுகளில் தனித்தனியாக எதற்குக் கழிக்க வேண்டும் என்று, நானும் ராஸும் ஒரே அறை எடுத்துக் கப்பலேறத் தொடங்கினோம். சவுத்தாம்ப்டனில் ஏறினால் மடெய்ரா, பிறகு அகண்ட அட்லாண்டிக், பிறகு கரீபியன் தீவுகள் ஒன்றன்பின் ஒன்றாக.

தீவுகளுக்காக யாரும் கப்பலேறுவதில்லை என்பது உங்களுக்கே தெரியும். எல்லாத் தீவிலும் அதே நீலத் தண்ணீர், அதே ரம் கேக், குளிர்பெட்டிக் கதவில் ஒட்டும் அதே காந்தக் கிளி. இறங்குகிறவர்கள் இலவச வைஃபை எங்கே என்று தேடி ஒரே கடைக்குள் நுழைவார்கள். வெயில் தாங்கவில்லை என்பார்கள், வெயிலுக்காகத்தான் வந்தார்கள். மதியச் சாப்பாட்டுக்குக் கப்பலில் பணம் கட்டியாயிற்றே என்று வேர்க்க விறுவிறுக்கத் திரும்பி வருவார்கள். உலகத்தைப் பாதி சுற்றியிருப்பார்கள், கப்பலுக்கு வெளியே ஒரு வாய் சாப்பிட்டிருக்கமாட்டார்கள். நானும் ராஸும் இறங்குவதே இல்லை. எல்லோரும் இறங்கிப்போன கப்பல்தான் கப்பல்.

பின்தளத்தில் நிழல் விழும் மூலையில் எங்களுக்கு இரண்டு சாய்வு நாற்காலிகள். அதிகாலையிலேயே போய்த் துண்டு போட்டு வைத்துவிடுவேன். துண்டு போட்டு இடம்பிடிக்கக் கூடாது என்று அங்கே ஒரு பலகை இருக்கிறது. அந்தப் பலகையின் மேலேயே ஒருவர் துண்டு போட்டிருந்தார். நான் புத்தகம் படிப்பேன். அவள் தண்ணீரைப் பார்ப்பாள். காலை உணவு முடிந்து மதிய மணி அடிக்கும்வரை ஒரு சொல் இருக்காது. அப்படிப்பட்ட மௌனம் லேசில் வாய்க்காது. தனியாக இருந்து அதைப் பெற முடியாது. அதற்குப் பெயர் தனிமை. பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும், அவர் வாய் திறக்காமல் இருக்க வேண்டும். நீங்களும் அதிகம் பேசுகிறவரில்லை போலிருக்கிறது. நல்ல குணம்.

இந்த முறை எங்கள் உணவு மேசையில் டெஸ்மண்டைப் போட்டார்கள். பயணம் முழுவதும் இரவுச் சாப்பாட்டுக்கு ஒரே மேசை, அதே முகங்கள் என்பதுதான் இந்தக் கம்பெனியின் வழக்கம். எங்கள் மேசையில் நாங்கள் இருவர், மேவிஸ் போகாக், அவள் கணவர், பிறகு இவர். வுல்வர்ஹாம்ப்டனில் குளியலறை ஓடு வியாபாரம் செய்து ஓய்வு பெற்றவர். மனைவியை இழந்தவர். முதல் கப்பல் பயணம். எனக்கும் ராஸுக்கும் நடுவில் இருந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். உட்காருவதற்கு முன்பே பேசத் தொடங்கியிருந்தார்.

எங்கள் கையிலும் அதே உணவுப் பட்டியல் இருக்க, அவர் அதை உரக்கப் படிப்பார். சூரியன் மறைந்தால் "பாருங்க, மறையுது" என்று அறிவிப்பார். டால்ஃபின் தெரிந்தால் டால்ஃபினிடமே பேசுவார். இதயத்தில் எத்தனை குழாய் அடைத்திருந்தது, எதை எங்கே வெட்டி ஒட்டினார்கள் என்று கோழிக் குழம்பு வந்த நேரத்தில் விளக்குவார். கோட்டுப் பையிலிருந்து சிவப்பு மூடி போட்ட சிறிய குப்பியை எடுத்து எல்லோருக்கும் காட்டினார்.

"நெஞ்சைப் புடிச்சுக்கிட்டு நான் உட்கார்ந்தா, யாரும் பதறக் கூடாது. இத நாக்குக்கு அடியில ரெண்டு தடவ பீச்சி அடிக்கணும். அவ்ளோதான். டீச்சரம்மா, நீங்கதான் கிளாஸ் லீடர், ஞாபகம் வச்சுக்குங்க."

"நான் டீச்சர் இல்லை. தலைமையாசிரியை."

"அப்போ சூப்பு எப்படி இருக்குன்னு இப்ப சொல்ல மாட்டீங்களா, வருஷக் கடைசில ரிப்போர்ட்லதான் எழுதுவீங்களா?"

ராஸ் சிரித்தாள். சூப்புக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். இத்தனை வருடத்தில் நான் அவளைச் சிரிக்க வைத்ததில்லை. அதற்கு அவசியம் இருந்ததாக எனக்குத் தோன்றியதில்லை.

மறுநாள் பின்தளத்தில் எங்கள் இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே மூன்றாவது நாற்காலி ஒன்று இருந்தது. அதன்மேல் துண்டு. முதல் பயணக்காரர், துண்டு போட மட்டும் யாரிடமோ அதற்குள் கற்றுக்கொண்டுவிட்டார். அன்றிலிருந்து ராஸுக்கு ஒரு குரல் முளைத்தது. காலை உணவில் பேசினாள். மாடிப்படியில் பேசினாள். விளக்கணைத்த பிறகும் பேசினாள்; அவர் சொன்ன வேடிக்கைகளை எனக்கு மறுபடி சொன்னாள். கால் மூட்டு வலிக்கிறது என்று பள்ளி ஆண்டு விழாவில் மேடையேற மறுத்தவள், மாலையில் அவரோடு நடன வகுப்புக்குப் போனாள். நான் குறுக்கிடுகிறவள் அல்ல.

பார்படோஸைத் தாண்டிய பிறகு ஒரு நாள், அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னாள்:

"எனிட், அடுத்த வருஷத்துக்கு என்னைக் கணக்குல சேர்க்காதடி."

"ஏன், மூட்டு வலியா?"

"மூட்டெல்லாம் நல்லாத்தான் இருக்கு. டெஸ்மண்ட் கூட அவர் ஊர்ல போய் இருக்கலாம்னு பாக்குறேன்."

"வுல்வர்ஹாம்ப்டன்லயா? அங்க என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல. மழை இருக்கு. ஆனா ஒருத்தர் என்கூட பேசுவாரு." செருப்பு வாரை இழுத்து மாட்டினாள். "நீ படிக்கிற. நான் தண்ணியப் பாக்குறேன். எத்தனை வருஷம்டி தண்ணியவே பாக்குறது?"

அவள் களைத்திருந்தாள். அந்த மனிதரின் பேச்சைக் காலை முதல் மாலைவரை கேட்டால் யாருக்கும் புத்தி கலங்கும். அதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் தோழி என்று ஒருத்தி இருந்தால், இப்படிப்பட்ட நேரத்தில்தான் கைகொடுக்க வேண்டும்.

நேரத்துக்குத் திரும்பாதவர்களை வேடிக்கை பார்க்கும் வழக்கம் உங்களுக்குப் புதிதல்ல. ஆனாலும் கருவியில் பதிவாக வேண்டுமென்பதால் சொல்கிறேன். கப்பல் புறப்படும் நேரம் நெருங்கும்போது நாங்கள் எல்லோரும் ஆளுக்கொரு கோப்பையோடு கரைப்பக்கக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நிற்போம். தீவை வழியனுப்ப அல்ல. யாராவது ஒருவர் தாமதமாகி, பைகளும் பிள்ளைகளுமாகக் கடல்பாலத்தின் மேல் விழுந்தடித்து ஓடிவருவார். அதைப் பார்க்க. மேலிருந்து கைதட்டுவோம், சீட்டி அடிப்போம், "ஓடு, ஓடு" என்போம். பந்தயம்கூட உண்டு. ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் நாற்காலிமேல் ஏறிக் கூவியதைப் பார்த்திருக்கிறேன். இந்தப் பயணத்திலேயே மிகவும் நாகரிகமான பொழுதுபோக்கு என்று சொல்லமாட்டேன். ஆனால் இலவசம்.

அப்படி ஓடுகிறவர்களில் பாதிப்பேர் கடிகாரத்தால் கெட்டவர்கள். கப்பலுக்கு ஒரு நேரம், தீவுக்கு ஒரு நேரம். சில தீவுகளில் இரண்டுக்கும் ஒரு மணி வித்தியாசம். கப்பல் தன் நேரத்தை மாற்றிக்கொள்ளாது. கப்பல் நேரத்துக்குத்தான் சங்கு ஊதும். பழையவர்களுக்கு இது பாலபாடம். புதியவர்கள் கைப்பேசியைப் பார்ப்பார்கள். அது நன்றி கெட்டது. கரையைக் கண்டதும் தீவின் நேரத்துக்குத் தாவிவிடும்.

செயின்ட் ஹிலரி தீவில் நின்ற அன்று காலை எனக்குத் தலைவலி. எனக்குத் தலைவலி என்றால் ராஸ் எங்கும் போகமாட்டாள்; அவள் அப்படிப்பட்டவள். அவளும் டெஸ்மண்டும் அன்று இறங்கி ஊர் பார்ப்பதாக இருந்தது. காலை உணவு மேசையிலிருந்து அவள் எனக்கு மாத்திரை எடுத்துவரப் போயிருந்தபோது, கேப்டன் ஒலிபெருக்கியில் பேசினார். கப்பல் நேரம் மாறவில்லை, கடிகாரத்தைத் தொடாதீர்கள் என்று இரண்டு முறை சொன்னார். டெஸ்மண்ட் கேப்டனின் குரலையும் மீறிப் பேசிக்கொண்டிருந்தார். பன்றிக்கறி வறுவலைப் பற்றி. கேப்டன் முடித்த பிறகு என் பக்கம் திரும்பினார்.

"என்ன சொன்னாரு டீச்சரம்மா?"

இந்த இடத்தை நீங்கள் கவனிக்க வேண்டும். அவர் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவருக்கே கேட்டிருக்கும். நான் குரலை உயர்த்தவில்லை, யோசிக்கவுமில்லை.

"கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால தள்ளி வைக்கச் சொல்றார். இனிமே தீவு நேரந்தானாம்."

"அட, ஒரு மணி நேரம் இனாமா!" என்றார். கைக்கடிகாரத்தைத் திருகினார். கைப்பேசியை எடுத்து ஒத்துப் பார்த்தார். அதுவும் என் பக்கம்தான் சாட்சி சொன்னது. "அப்ப சாவகாசமா சுத்தலாம். ராஸுக்கு நல்ல மாம்பழம் தேடணும். கப்பல்ல குடுக்குறது எல்லாம் சோப்புக்கட்டி மாதிரி இருக்குன்னு சொல்லிக்கிட்டே இருந்தா. நீங்க ரெஸ்ட் எடுங்க, அவள நான் கூப்பிட மாட்டேன்."

வெளியிலிருந்து பழம் கொண்டுவந்தால் வாசலிலேயே பிடுங்கிக் குப்பையில் போட்டுவிடுவார்கள். அதுவும் அவருக்குத் தெரியாது. சொல்லியிருக்கலாம்தான்.

தலைவலி மாலையில் சரியாகிவிட்டது. ராஸ் சந்தோஷப்பட்டாள். அவளை மேல்தளத்துக்கு அழைத்துப்போய்க் கைப்பிடிச் சுவரில் நல்ல இடமாகப் பிடித்து நிறுத்தி, கையில் ஒரு கோப்பையும் கொடுத்தேன். டெஸ்மண்ட் எங்கே என்று கேட்டாள். அறையில் தூங்குகிறாராக இருக்கும் என்றேன். வராதவர்களின் பெயரைக் கீழே நடைபாதைகளில் கூப்பிட்டிருக்கிறார்கள்; மேலே தகரமேளக் குழு வாசித்த சத்தத்தில் எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

சங்கு ஊதியது. கடல்பாலத்தின் கரைக்கோடியில் ஒரு குடிசைக் கடை இருந்தது. அதிலிருந்து ஓர் உருவம் எழுந்தது. பெரிய ஓலைத் தொப்பி, கையில் பை. கப்பலைப் பார்த்தது, கடிகாரத்தைப் பார்த்தது, மறுபடி கப்பலைப் பார்த்தது. பிறகு ஓடத் தொடங்கியது. நல்ல நீளமான பாலம் அது.

"வந்துட்டான்யா நம்ம ஆளு!" என்று மேவிஸ் கூவினாள். "ஓடுய்யா, ஓடு. பொண்டாட்டிய விட்டுட்டு வந்துட்ட போல!"

ராஸும் கைதட்டினாள். தொப்பி புதிது, அவளுக்குத் தூரப் பார்வை அவ்வளவாக இல்லை. "ஓடுங்க தாத்தா!" என்றாள். "சாப்பாடு ஆறிப்போவுது, ஓடுங்க!" அவள் அவ்வளவு உற்சாகமாக இருந்து நான் பார்த்ததில்லை. அவளைத் தடுத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நான் மட்டும் தனியாகப் பார்ப்பது நியாயமாகப் படவில்லை.

பாலத்தில் பாதிக்கு மேல் வந்துவிட்டார். அங்கே நின்றார். பையைக் கீழே வைத்துவிட்டுக் கோட்டுப் பையைத் தடவினார். வலது பை, இடது பை, மறுபடி வலது. அறைச்சாவியைத் தேடுகிறார் என்று நினைத்து மேலே ஒரே சிரிப்பு. "ஏணிக்கு வாய்யா முதல்ல, சாவி அப்புறம்" என்றார் மேவிஸின் கணவர். பிறகு முழங்காலில் உட்கார்ந்தார், பிறகு சாய்ந்தார். தொப்பி கழன்று காற்றில் உருண்டுபோயிற்று. ராஸின் கை, தட்டுவதற்கு விரித்தபடியே நின்றுவிட்டது. வழுக்கைத் தலையை எவ்வளவு தூரத்திலும் அடையாளம் கண்டுகொள்ள முடிகிறது.

கைதட்டல் அடங்கச் சற்று நேரம் பிடித்தது. சிலர் அதையும் வேடிக்கை என்றே எடுத்துக்கொண்டார்கள். அன்று கப்பல் தாமதமாகப் புறப்பட்டது, இரவு உணவும் தாமதம். மீன் ஆறிப்போயிருந்தது.

நான் வேண்டியதெல்லாம் அவர் கரையில் நின்றுவிட வேண்டும் என்பதுதான். இது பெரிய குற்றமில்லை. வருடத்துக்கு எத்தனையோ பேர் நின்றுவிடுகிறார்கள். விமானம் பிடித்து அடுத்த தீவுக்கு வருகிறார்கள், அல்லது வெட்கப்பட்டு வீட்டுக்குப் போகிறார்கள். அவர் வீட்டுக்குப் போகிற ரகம் என்று கணித்தேன். ஒரு முதிர்ந்த பெண்மணியின் விளையாட்டு என்று உங்கள் அறிக்கையில் நீங்கள் போட்டுக்கொள்ளலாம்.

அப்படியானால் குப்பி எதற்கு என்கிறீர்கள்.

நியாயமான கேள்வி. கொஞ்சம் இருங்கள்.

அன்று காலை அவர் கோட்டை நாற்காலி முதுகில் மாட்டிவிட்டு இரண்டாம் முறை பன்றிக்கறி எடுக்கப் போனார். கோட்டுப் பை உப்பியிருந்தது. எடுத்தேன். சிவப்பு மூடி. என் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். அவர் திரும்பி வந்து கோட்டை மாட்டிக்கொண்டு, பையைத் தட்டிப் பார்க்காமல், வாய் ஓயாமல் பேசிக்கொண்டே இறங்கிப்போனார். கரையில் நின்றுவிடுகிற மனிதர் அடுத்த தீவில் வந்து ஏறிவிடலாம். அதை எல்லோருக்கும் ஒரு கதையாகச் சொல்வார். ராஸ் சிரிப்பாள். அதை யோசித்தேன். ஒரு வேலையைப் பாதியில் விடுவது என் பழக்கமல்ல. என் மாணவிகளிடமும் அதை நான் அனுமதித்ததில்லை.

ஆக, ஆம். நேரத்தை மாற்றிச் சொன்னது நான். அவர் ஓடக் கூடாதவர் என்று தெரிந்தே சொன்னேன். மருந்தை எடுத்ததும் நான்தான். அவர் பைகளைத் தடவியபோது என்ன தேடுகிறார் என்று அந்தத் தளத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். கருவி ஓடுகிறதா? சரி.

அந்தக் குப்பியை நான் கடலில் வீசியிருக்க வேண்டும் என்று நீங்கள் நினைப்பீர்கள். மறந்துவிட்டேன். அவர் இறந்துபோன பிறகு ராஸுக்கு உறக்கமில்லை. நேற்று மத்தியானம் தூக்க மாத்திரை தேடி என் கைப்பையைத் திறந்தாள். நான் அந்த ஜன்னலோரம் படித்துக்கொண்டிருந்தேன். குப்பியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். என்னைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை. அலைச் சத்தம் மட்டும் இருந்தது. வெகுநேரம் அப்படியே இருந்தோம். டெஸ்மண்ட் வந்ததிலிருந்து எங்களுக்கு அப்படி ஒரு பொழுது வாய்க்கவே இல்லை. பழையபடி ஆகிவிட்டோம் என்று நினைத்தேன். நிம்மதியில் இரண்டு அத்தியாயம் படித்தேன். நிமிர்ந்து பார்த்தபோது அவள் இல்லை, உங்களிடம் வந்திருக்கிறாள்.

அடுத்த துறைமுகத்தில் போலீசிடம் ஒப்படைப்பீர்கள் என்கிறீர்கள். அது உங்கள் கடமை, நான் குறை சொல்லமாட்டேன். ராஸ் எந்த அறையில் இருக்கிறாள் என்று சொல்லமாட்டீர்கள். அதுவும் உங்கள் கடமையாக இருக்கும். அவளிடம் ஒன்று மட்டும் சொல்லிவிடுங்கள். அந்த மனிதரோடு சேர்ந்து அவள் சிரித்தது, நடனம், வுல்வர்ஹாம்ப்டன், எதையும் நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. எல்லாவற்றையும் மன்னித்துவிட்டேன். அவள் வந்து மன்னிப்புக் கேட்கக்கூட வேண்டியதில்லை. பேசாமல் வந்து உட்கார்ந்தால் போதும்.